அரை மணித்தியாலம் கிடக்கட்டும்

என் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

சுனாமி அடித்துப் போன பிறகு பனிச்சங்கேணியில் ஒரு கிணறும் கிணறாக இருக்கவில்லை. எல்லாவற்றுக்குள்ளும் கடல். இறைத்து இறைத்துப் பார்த்தார்கள், உப்புப் போகவில்லை. தொண்டு நிறுவனத்து ஆட்கள் ஒரு சின்ன மெசினைக் கொண்டுவந்து கிணற்றுக்குக் கிணறு முக்கி நம்பர் எழுதினார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மெசின் நம்பர் காட்டுவதற்கு முன்னால் நான் விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன்: இது குடிக்கலாம், இது குளிக்கலாம், இது அதற்கும் ஆகாது. ஒருமுறைகூடப் பிழைபோனதில்லை. அன்றிலிருந்து ஊரில் யார் கிணறு வெட்டினாலும் உசாந்தியைக் கூப்பிடு என்றுதான் ஆள் வரும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒளிப்பானேன்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் என்றால் ஒரே கேள்விதான். உப்பா, இல்லையா. உப்பில்லாவிட்டால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

சண்டை முடிந்து இரண்டாவது ஆடி மாதம் அது. மேற்கே காட்டில் பாலை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகக் காய்த்துக் கிடக்கின்றன என்று கதை வந்தது. பாலைப்பழம் தின்றால் உதட்டில் பால் ஒட்டி வாயைத் திறக்க முடியாமல் போகும், ஆனாலும் நிறுத்த முடியாது. ஐந்தாறு வருசமாக எங்களில் ஒருவரும் அந்தக் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. அக்கா மேனுகாவும் அத்தான் பாக்கியராசாவும் இரண்டு நாள் தங்கிப் பறித்துவந்து றோட்டோரம் வைத்து விற்பதென்று முடிவெடுத்தார்கள். நானும் வருவேன் என்று நின்றேன். காடு பார்க்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

மிதிவெடி எடுத்த இடம் எது, எடுக்காத இடம் எது என்று தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவர்தான் இருந்தார், மாங்கேணி விஜிதரன். பதினைந்து வயதில் இயக்கத்துக்குப் போனவர். கடைசிச் சண்டையில் வன்னியில் சரணடைந்து, முகாமில் இருந்து, புனர்வாழ்வு முடிந்து வந்து ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆமிக் காம்பில் போய் ஒப்பம் வைக்க வேண்டும். நான் அவரை விஜி அண்ணன் என்று கூப்பிடுவேன், ஆனால் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டதில்லை.

அவரைப் பற்றி ஊரில் இரண்டு கதை ஓடியது. ஒன்று, அவர் காம்புக்குக் கதை கொடுக்கிறார், ஊர் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறார். மற்றது, எங்கேயோ ஆயுதம் புதைத்து வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரே ஆட்களே இரண்டையும் நம்பினார்கள். நாங்கள் புறப்பட்ட காலையில் பக்கத்து வீட்டுத் தெய்வமணி மாமி படலையில் நின்று அக்காவின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது.

"குப்பி கட்டித் திரிஞ்சவன்கா. கழுத்தில நஞ்சக் கட்டிக்கிட்டு நித்திர கொண்டவன். பாத்துப் போங்க."

லேன்மாஸ்டர் உழவு வண்டியில் பாதை முடியும் வரை போனோம். அதற்குப் பிறகு நடை. விஜி அண்ணன் முன்னால், அவர் கால் வைத்த இடத்தில் அத்தான், அத்தானின் அடியில் அக்கா, அக்காவின் அடியில் நான். இரண்டு மணித்தியாலம் அப்படி நடந்தோம். அவர் நின்றால் நின்றோம். ஒரு கம்பைச் சுற்றி விலகினால் நாங்களும் விலகினோம். அவருடைய காலை அவ்வளவு நம்பினோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் குழி, குழி நிறையத் தண்ணீர். அந்தக் கோடையிலும் அடி மணல் தெரிகிற மாதிரித் தெளிவு. கரையில் யானை விட்டை காய்ந்தும் காயாமலும் கிடந்தது. மாட்டுக் குளம்பும் பதிந்திருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் பட்டும் படவில்லை. யானை தேடி வந்து குடிக்கிற தண்ணீர் என்றால் எவ்வளவு நல்லதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்க் கையால் அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு என்பதே இல்லை. அப்படி ஒரு தண்ணீரை நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். அத்தான் குப்புறப் படுத்து மாடு மாதிரி உறிஞ்சினார்.

விஜி அண்ணன் குடிக்கவில்லை. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றார். அத்தான் சிரித்துவிட்டார். பகலில் அடுப்பு மூட்டினால் புகையைக் கண்டு காட்டிலாகாக்காரன் வருவான், பொழுதுபடச் சோறு காய்ச்சும் நேரம் தவிர நெருப்பு இல்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டதுதான்.

"காட்டுக்குள்ள பத்து வருசம் கிடந்தவன் நீ, சுடுதண்ணியா குடிச்ச?" என்று அத்தான் கேட்டார். "நம்மட புள்ளட நாக்குச் சொன்னா மெசின் சொன்ன மாதிரி. குடி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம். அத்தான் மரத்தில், அக்கா கீழே படங்கை விரித்துப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாகம். எங்களிடம் ஒரு மஞ்சள் கேன் இருந்தது, இருபது லீற்றர் பிடிக்கும். அதை நிரப்பி வரும் வேலையை விஜி அண்ணன் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். நான் பற்றைக்குள்ளால் வந்தபோது அவர் கேனை நிழலில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சேட்டுப் பொக்கற்றுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். வெள்ளித்தாள் மினுங்கியது. பிய்த்து, வெள்ளையாக ஒன்றைக் கேனுக்குள் போட்டு, மூடியைத் திருகி, இரண்டு கையாலும் ஆட்டினார்.

தெய்வமணி மாமியின் குரல்தான் காதுக்குள்.

ஒன்றும் தெரியாத மாதிரிப் போய்த் தண்ணீர் கேட்டேன். அவர் கேனுக்கு முன்னால் நகர்ந்து நின்றார்.

"இப்ப குடியாத தங்கச்சி. அரை மணித்தியாலம் கிடக்கட்டும்."

"ஏன்?"

"மண் அடியில போகட்டும்."

மண்ணா? அந்தத் தண்ணீரில் ஏது மண்? பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது பொய்தான், அதை இப்போதும் சொல்வேன்.

அவர் மரத்துக்குப் போன பிறகு கேனைத் திறந்து மோந்து பார்த்தேன். மருந்து நாற்றம். அந்த நாற்றம் எனக்குப் புதியதல்ல, சுனாமி முகாமில் கறுப்புத் தாங்கியில் வந்த தண்ணீரும் இப்படித்தான் நாறும். அதைக் குடித்தால் பிள்ளை தங்காது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஒருநாளும் அதைக் குடித்ததில்லை, ஒளித்துப்போய் எங்கேயாவது நல்ல கிணறு தேடுவேன். இது தெரிந்த நாற்றம் என்று மூக்குச் சொன்னது. ஆனால் தாங்கித் தண்ணீர் ஒருவன் சேட்டுப் பொக்கற்றிலிருந்து வந்ததில்லையே. குப்பி கட்டினவன், இரண்டு பக்கமும் பார்த்தவன், பொய் சொன்னவன். மூக்கு சொன்னதை நான் கேட்கவில்லை.

கேனை இழுத்துக்கொண்டு போய் ஒரு வீரை மரத்தடியில் அவ்வளவையும் ஊற்றினேன். பாறைக்குழியில் மூன்று முறை கழுவினேன். திரும்பவும் நிரப்பி அதே நிழலில், அதே மாதிரி, மூடி அதே பக்கம் பார்க்க வைத்தேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அத்தானிடம் சொல்லாதே, கத்தி கையில் இருக்கிறது, வெட்டிப்போடுவார், திரும்பிப் போக வழியும் அவனுக்குத்தான் தெரியும் என்றாள்.

அதனால் நான் காவல் இருந்தேன். பொழுதுபட அவர் கேனை நிரப்பினார், நான் ஊற்றிவிட்டு மாற்றினேன். அடுத்த நாள் காலையும் அப்படியே. மூன்று கேன். அக்காவையும் அத்தானையும் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு. இன்னொன்றையும் கவனித்தேன். விஜி அண்ணன் கேனிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இடுப்பில் தொங்கிய தன்னுடைய போத்திலில்தான் குடித்தார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நான்கு சாக்குப் பழத்தோடு இரண்டாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தோம்.

மூன்றாம் நாள் விடியும்போது அத்தான் கிணற்றடியில் குந்தியிருந்து சத்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வயிற்றாலும் போகத் தொடங்கியது. அவரைப் பார்க்கப் போன அக்கா பாதி வழியில் திரும்பி ஓடினாள். நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன், பத்து மணிபோல எனக்கும் அடிவயிற்றை யாரோ துணி பிழிகிற மாதிரிப் பிழிந்தது. வீட்டில் ஒரு கக்கூஸ், மூன்று ஆள். அதை நான் எழுதப்போவதில்லை. மத்தியானம் அத்தானுக்குக் கண் உள்ளே போய், கை கால் குளிர்ந்து, பேச்சுக் குழறியது. தெய்வமணி மாமி ஓட்டோ பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள்.

ஓட்டோவுக்குள்ளேயே அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெள்ளித்தாள், குளிசை, கேன், உசாந்தி கண்ணால் கண்டது. தெய்வமணி மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன, ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள் ஓட்டோக்காரனுக்கும் தெரிந்துவிட்டது. மாங்கேணியில் அவருக்கும் வயிற்றால் போகிறதா என்று ஓட்டோக்காரனிடம் கேட்டேன். விஜிதரன் சுகமாக இருக்கிறான், காலையிலும் கடையில் நின்றவன் என்றான்.

அவருக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேலைன்.

அத்தான் ஆண்கள் வாட்டில், நாங்கள் நடைக்கு இந்தப் பக்கம். அடுத்த நாள் காலை அத்தானுக்கு வாய் தெளிந்ததும் முதல் கதை, பொலிசைக் கூப்பிடு என்பதுதான். என்றி போட வேண்டும், நஞ்சு வைத்தான் என்று எழுத வேண்டும். புனர்வாழ்வு முடிந்து வந்தவன் மேல் இப்படி ஒரு எழுத்து விழுந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப உள்ளே. எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய அம்மா மாதக்கணக்கில் முகாம் முகாமாக அலைந்து கண்டுபிடித்துக் கூட்டிவந்த பிள்ளை. அந்த எழுத்துக்கு ஒரே சாட்சி நான்.

எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. சொல்லத் தயாராகத்தான் கிடந்தேன்.

வாட்டில் றஸீனா மிஸ் என்றொரு தாதி. ஒரு நிமிசம் நிற்காத ஆள். நடந்துகொண்டே கேள்வி கேட்பார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜீவனியைக் கரைத்து என் கையில் தந்துவிட்டுக் காட்டில் என்ன தின்றாய், என்ன குடித்தாய் என்று கேட்டார். பாறைக்குழி, யானை விட்டை எல்லாம் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்திக் குளிசைக் கதையையும் சொன்னேன். என் கெட்டித்தனத்தையும் சேர்த்துத்தான், மூன்று கேனையும் ஊற்றினதை.

மிஸ் முதல்முறையாக நின்றார்.

"குளிசை போட்ட தண்ணிய நீ ஊத்திட்ட."

"ஓம் மிஸ். ஒரு சொட்டும் குடிக்க விடல்ல."

"அப்ப நஞ்சு எப்படிப் புள்ள வயித்துக்குள்ள போன?"

முதல் நாளே போட்டிருப்பான் என்று சொல்லப் பார்த்தேன். சோற்றில் போட்டிருப்பான் என்றும் சொல்லப் பார்த்தேன். சோறு சமைத்தது அக்கா.

மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளித்தாளைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டார். இதுவா என்று கேட்டார். வரிசையாக வெள்ளைக் குளிசை. ஒன்றைப் பிய்த்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். அதே நாற்றம். கேன் நாற்றம், கறுப்புத் தாங்கி நாற்றம்.

"குளோரின். ஒரு கேனுக்கு ஒண்டு, போட்டு அரை மணித்தியாலம் வைக்கணும். மாடும் யானையும் கழிச்சு வைச்ச குழித் தண்ணிய அந்தப் பொடியன் சுத்தமாக்கித் தந்திருக்கான். நீ அத மரத்துக்கு ஊத்திட்டு, குழித் தண்ணிய அள்ளிக் குடுத்திருக்கா."

"உப்பில்ல மிஸ்," என்றேன். எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. "ஒரு துளி உப்பில்ல."

"கிருமி உப்பா இரிக்குமா புள்ள?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேசாமல் இரு என்றாள். அவனே குளிசையைக் காட்டித் தப்பிக்கட்டும், நீ வாயைத் திறந்தால் அத்தான் உன்னை இந்த வீட்டில் வைக்கமாட்டார் என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது.

பொலிஸ்காரர் வந்தார். தமிழ் தெரிந்த ஆள், நீட்டுப் புத்தகம் கையில். நேரே ஆண்கள் வாட்டுக்குப் போனார். அத்தானின் குரல் நடை முழுக்கக் கேட்டது. அந்த நேரம் பார்த்து, கேற்றுக்குள்ளால் விஜி அண்ணன் வருகிறார். கையில் செவ்விளநீர்க் குலை. எங்களைப் பார்க்க வருகிறார். ஓட்டோக்காரன் வழியாக அந்தக் கதை அவர் காதுக்கும் எட்டியிருக்கலாம். தெரிந்தும் வந்தாரா, தெரியாமல் வந்தாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

நடைக்குள் வந்த அவரைக் கண்டதும் அத்தான் கையைக் காட்டினார். பொலிஸ்காரர் அங்கேயே நில் என்றார். விஜி அண்ணன் நின்றார். இளநீரைக் கீழே வைத்தார். சொல்லாமலே இரண்டு கையையும் முன்னால் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். அதைப் பழக்கத்தில்தான் செய்தார். அது என்னவோ செய்தது எனக்கு.

சேலைன் போத்திலைக் கழற்றி ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கடந்தேன். அத்தானின் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"அவர் போட்டது குளோரின். தண்ணி சுத்தமாக்கிற குளிசை. நான்தான் நஞ்செண்டு நினைச்சு ஊத்தினனான், மூணு கேனும். மறுகா குழித் தண்ணிய நிரப்பி வைச்சதும் நான்தான். உங்களுக்கு வயித்து வருத்தம் வந்தது என்னால."

அத்தான் என்னைப் பார்த்தார், விஜி அண்ணனைப் பார்த்தார்.

"யார் உனக்கு இப்பிடிச் சொல்லச் சொல்லித் தந்த?"

அதற்குள் றஸீனா மிஸ் வந்து வெள்ளித்தாளைப் பொலிஸ்காரர் முன்னால் வைத்தார். விஜி அண்ணனும் தன் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே தாள். பொலிஸ்காரர் இரண்டையும் மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். சிரித்தார். புத்தகத்தை மூடினார். ஆனால் பெயர் எழுதியாகிவிட்டது என்றார். எழுதினதை வெட்ட முடியாதாம். ஒன்றுமில்லை என்று பக்கத்தில் எழுதிவிடுவதாகச் சொன்னார்.

விஜி அண்ணன் திரும்பிப் போனார். இளநீர் அங்கேயே கிடந்தது. அத்தான் தொடவில்லை. நான் இரண்டு குடித்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் அத்தான் என்னோடு பேசவில்லை. நான்கு சாக்குப் பழமும் புளித்து, ஈ மொய்த்து, குழி வெட்டித் தாட்டோம். தெய்வமணி மாமி தான் முதலிலேயே அது குளோரின் என்று நினைத்ததாக ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பதினோராம் நாள் விஜி அண்ணன் வந்தார். காட்டிலிருந்து அவருடைய சாமானோடு போய்விட்ட எங்கள் படங்கைத் திருப்பிக் கொடுக்க. படலைக்கு உள்ளே ஒரு அடி, அதற்கு மேல் வரவில்லை. நான் ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கினார். செம்புக்குள் பார்த்தார். குடிக்கவில்லை.

என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது, பதினொரு நாளாக.

"குளோரின் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணன். மண் அடியில போகட்டும் எண்டு ஏன் சொன்ன?"

"சொன்னா குடிச்சிருப்பியளா?"

இல்லை. மருந்துத் தண்ணீர் என்றால் நானே முதல் ஆளாக ஊற்றியிருப்பேன்.

"முகாமில இதே வருத்தத்தில ஒரு கிழமையில என்ட கூடாரத்தில ஏழு பேர் விழுந்தாங்க," என்றார். எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்குக் கேன், எனக்குப் போத்தில். ரெண்டுக்கும் போட்டன். அவ்வளவுதான்."

பெயர் புத்தகத்தில் விழுந்ததால் காம்பில் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்களாம். இனி ஞாயிறு மட்டுமில்லை, புதனும் ஒப்பம் வைக்க வேண்டுமாம். இதையெல்லாம் வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடிக்கமாட்டார் என்று விளங்கியது. எங்கள் வீட்டுத் தண்ணீரை ஏன் குடிக்க வேண்டும் அவர்?

செம்பை வாங்கிப் பாதியைக் குடித்துக் காட்டினேன். மிச்சத்தை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"குடத்தக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். கேனில் பாதிதான் பிடிக்கும் எங்கள் குடம். பொக்கற்றிலிருந்து வெள்ளித்தாளை எடுத்து, ஒரு குளிசையைப் பாதியாக உடைத்து, எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு விரலில் பிடித்துக் காட்டிவிட்டுப் போட்டார். குடத்தை ஆட்டினார். படங்கைப் பிரித்து முற்றத்தில் போட்டு அதில் குந்தினார்.

நானும் குந்தினேன், கொஞ்சம் தள்ளி. அக்கா கதவுக்குள் நின்று பார்த்தாள். அத்தான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனார், படலையில் ஒருமுறை திரும்பிக் குடத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

நேரம் போகவே இல்லை. எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. கையைப் பிசைந்தேன், எறும்பை எண்ணினேன், எழும்பி எழும்பி உள்ளே மணி பார்த்தேன். அவர் அசையாமல் இருந்தார். வேலிப் பக்கம் தெய்வமணி மாமியின் தலை தெரிந்து மறைந்தது.

அரை மணித்தியாலம் ஆனதும் செம்பில் வார்த்து அவரிடம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. நீ முதலில் என்கிற மாதிரிப் பார்த்தார்.

குடித்தேன். நாக்கு அருவருத்தது. முழுச் செம்பையும் விழுங்கிவிட்டு, கழுவி, திரும்ப வார்த்து நீட்டினேன். அவர் வாங்கினார், மோந்து பார்த்தார், என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகுதான் வாயில் வைத்தார்.